இவாசே விட்டுப்போன மழை

வாள் சண்டைப் படங்களாக எடுத்துத் தள்ளி உலகமெல்லாம் பெயர் வாங்கிய இவாசே என்ற டைரக்டர், ஜப்பான் தேசத்தில் ஒரு மலையடிவாரத்து ஊரான ஒகுசாவாவில், டொகுஜி என்ற குடியானவனின் வயலில் ஒரு மழையைப் பெய்ய வைத்துப் படம் எடுத்தார், எடுத்து முடித்ததும் மழையை அங்கேயே விட்டுவிட்டுப் போனார். குடையை மறந்து வைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு, செருப்பை விட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு, பெற்ற பிள்ளையைத் திருவிழாவில் விட்டுவிட்டுப் பாதி வழியில் நெஞ்சில் அடித்துக்கொண்டு திரும்பி ஓடி வருகிறவர்களும் உண்டு. மழையை விட்டுவிட்டுப் போனவர் இவர் ஒருவர்தான், திரும்பியும் பார்க்கவில்லை.

அந்த வயலைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இவாசேயைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதின எவனும் அதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. டொகுஜியின் அப்பன், அப்பனைப் பெற்றவன், அவனுக்கும் முந்தியவன் எல்லாரும் அடுத்தவன் நிலத்தில் குனிந்தே வளர்ந்து குனிந்தே செத்தவர்கள். விளைந்ததை இடுப்பில் வாள் வைத்திருந்தவன் வந்து அள்ளிக்கொண்டு போனான், வாள் வைத்திருந்தவன் காலம் போனதும் பண்ணையார் வந்து அள்ளிக்கொண்டு போனார், பெரிய யுத்தத்தில் தோற்றுப்போய் நாடே சாம்பலாகிக் கிடந்தபோது சர்க்கார் ஒரு சட்டம் போட்டு, உழுகிறவனுக்கே நிலம் என்று பிரித்துக் கொடுத்தபோதுதான் அந்த வம்சத்தில் முதல் முறையாக ஒருத்தன் நிமிர்ந்து நின்று, இது என்னுடையது என்று சொன்னான். சொன்னவன் டொகுஜி. சொல்லிவிட்டு ஒரு போகம் பார்லி அறுத்தான். ஒரே ஒரு போகம். அடுத்த விதைப்புக்குள் சினிமாக்காரர்கள் வந்துவிட்டார்கள்.

அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தவர் ஊர்த் தலைவர் மொரிகாவா. டொகுஜியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வயலைக் கொடுக்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, அப்புறம் வந்து தோளில் தட்டினார்.

"கொடுத்து வச்சவன்டா நீ. உன் வயல் சினிமாவுல வரப்போகுது."

"விதைக்கணும் தலைவரே."

"விதைச்சுக்கோ, யார் வேணாம்னா? அவங்க வேலை முடிஞ்சதும் கிளம்பிப் போயிடுவாங்க. மண்ணையா சுருட்டிட்டுப் போவாங்க?"

அப்போது இவாசேக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். அதுவரை எடுத்த படங்கள் ஓடின, ஆனால் பேசப்படவில்லை. இந்தப் படம் தன்னைத் தூக்கி நிறுத்த வேண்டும் என்று அவர் வெறியாக இருந்தார். எசமான் கைவிட்ட ஒரு சாமுராய் தன்னந்தனியாக எசமானின் ஆட்களை எதிர்த்துச் சண்டை போட்டு மழையில் செத்து விழுவதுதான் கடைசிக் காட்சி. வெறும் தண்ணீர் கறுப்பு வெள்ளைப் படத்தில் சரியாகத் தெரியாது என்று, பீப்பாய் பீப்பாயாக எழுதுகிற மையைக் கலந்து, தீயணைக்கிற பம்புகளை வைத்து வானத்தில் பீய்ச்சினார்கள். கறுத்த மழை. சேற்றில் நடிகர்கள் புரண்டார்கள், குதிரைகள் புரண்டன, இவாசே மட்டும் கேமராவுக்குப் பக்கத்தில் தார்ப்பாய்க் கூரைக்குக் கீழே வெள்ளைத் தொப்பி நனையாமல் நின்றார். டொகுஜி வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தான். அவனைப் பார்த்துவிட்டு இவாசே உதவி டைரக்டர் சுகிடாவிடம், "அந்த ஆளை ஓரமாப் போகச் சொல்லு, ஃபிரேம்ல வர்றான். குடியானவன் மாதிரியே இல்லை," என்றார். சொந்த வயலில், சொந்த வரப்பில் நின்றவனைப் பார்த்துச் சொன்ன சொல் அது. டொகுஜிக்கு அது சாகிறவரைக்கும் ஆறவில்லை, ஆறவும் கூடாது.

இவாசேயின் படப்பிடிப்பில் ஒரு கட்டுப்பாடு உண்டு. அவர் "ஆரம்பி" என்று சொல்லாமல் எதுவும் ஆரம்பிக்கக்கூடாது, அவர் "நிறுத்து" என்று சொல்லாமல் எதுவும் நிற்கக்கூடாது. இன்னொருத்தர் வாயிலிருந்து அந்த இரண்டு சொல்லும் வரக்கூடாது. வேறொரு படத்தில் பம்புக்காரன் ஒருத்தன் கை மரத்துப்போய் அவர் சொல்வதற்கு ஒரு நொடி முன்னால் குழாயை மூடிவிட்டான் என்பதற்காக, அவனைப் பனியில் வீட்டுக்கு நடக்க வைத்தவர் அவர். அதனால் கூலிக்காரன் முதல் கதாநாயகன் வரை எல்லாரும் அவர் வாயைப் பார்த்தபடிதான் மூச்சு விடுவார்கள்.

கடைசி ஷாட் எடுத்தபோது சாமுராய் முழங்கால் மடிந்து விழுந்தான், அவன் முதுகில் மழை அடித்தது, பின்னால் மலை கறுத்துக் கரைந்தது. அதைப் பார்த்த இவாசேயின் கண் கலங்கியது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு, திரும்பி, மெதுவாக நடந்து போய்க் காரில் ஏறிப் போய்விட்டார். கேமராவில் ஃபிலிம் தீர்ந்து சக்கரம் சும்மா சுற்றியது. செத்துக்கிடந்த கதாநாயகன் மூக்கில் சேறு போக அப்படியே கிடந்தான். வெகுநேரம் கழித்து, இதற்கு மேல் தாங்காது என்று சுகிடா கையைக் காட்ட, ஆட்கள் பம்புகளை நிறுத்தி, குழாய்களைச் சுருட்டி, லாரிகளில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். லாரிகள் போயின, குதிரைகள் போயின, தார்ப்பாயும் போனது. மழை போகவில்லை.

மறுநாள் ஊரே வந்து பார்த்தது. மற்ற இடமெல்லாம் வெயில் காய, டொகுஜியின் வயலில் மட்டும் மழை பெய்தது. கேமரா இருந்த இடத்தில் குறுகி, போகப் போக அகன்று, கேமராவின் கண்ணுக்குப் பட்ட மண் எதுவோ அதன் மேல் மட்டும், கத்தியால் நறுக்கினாற்போல் ஓரம் பிடித்துப் பெய்தது. பக்கத்து வயல்காரன் தன் வரப்பில் நின்று கையை நீட்டினான், முழங்கை வரை நனைந்தது, மேலே காய்ந்திருந்தது. "நல்லவேளை, என் வயல் படத்துல வரலை," என்று சொல்லிவிட்டு அவன் களை பறிக்கப் போனான்.

ஊரிலிருந்து சேதி போனதும் சுகிடா பஸ் ஏறி வந்தான். மழையின் ஓரத்தில் நின்று தொப்பியைக் கழற்றி, டொகுஜிக்கு இடுப்பு வரை குனிந்து வணக்கம் வைத்தான்.

"மன்னிக்கணும். சென்செய் நிறுத்தச் சொல்லலை. அதான் நிக்கலை." பெரியவர்களையும் படித்தவர்களையும் அவர்கள் ஊரில் சென்செய் என்றுதான் மரியாதையாகக் கூப்பிடுவார்கள், மற்றவர்களுக்குப் பெயரோடு ஒரு சான் சேர்ப்பார்கள்.

"அந்தாளு சொல்லலைன்னா என்ன? நீ சொல்லேன்."

சுகிடா யாராவது கேட்கிறார்களா என்று நாலா பக்கமும் பார்த்தான். பார்த்துவிட்டு அடிக்குரலில், "நிறுத்து," என்றான். மழை அவனைச் சட்டை பண்ணவில்லை.

"கொஞ்சம் சத்தமாத்தான் சொல்லித் தொலையேன்."

"நான் சொன்னா எங்க நடிகருங்களே கேக்க மாட்டாங்க, டொகுஜிசான். மழை எப்படிக் கேக்கும்?"

ஆரம்பத்தில் ஊர் கொஞ்சம் பரிதாபப்பட்டது. அப்புறம், ஊர் எதற்கும் பழகிக்கொள்வதுபோல் இதற்கும் பழகிக்கொண்டது. பழகினது மட்டுமா, பிழைக்கவும் ஆரம்பித்தது. அது மை கலந்த மழை இல்லையா, பள்ளிக்கூட வாத்தியார் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டி வந்து கிண்ணத்தில் மழையைப் பிடித்துக்கொண்டு போனார், தூரிகையால் எழுத்துப் பழகுவதற்கு அந்தப் பள்ளிக்கூடம் அப்புறம் மை வாங்கவே இல்லை. துணிக்குச் சாயம் போடுகிறவர்கள் மூங்கில் கழிகளை நட்டு நூல்களைத் தொங்கவிட்டார்கள். நரைக்க ஆரம்பித்த பெண்கள் தலையை மட்டும் மழைக்குள் நீட்டிக் குனிந்து நின்று முடி அலசினார்கள், அதனால் அந்த ஊரில் எழுபது வயதுக் கிழவிக்கும் கூந்தல் காக்கைச் சிறகாய் மின்னியது, பக்கத்து ஊர்க்காரர்கள் பெண் பார்க்க வந்தால் மாமியார் யார், மருமகள் யார் என்று தெரியாமல் முழித்தார்கள். படம் உலகமெல்லாம் ஓடி, வெளிதேசத்தில் பெரிய பரிசு வாங்கி, வெள்ளைக்காரப் பையன்கள் குடையும் கையுமாக மழையைப் பார்க்க வந்தபோது, மொரிகாவா ஒரு சத்திரம் கட்டினார், அவர் மச்சான் டீக்கடை போட்டான். மழைக்கு முன்னால் பலகை நட்டு, மேதை இவாசே அவர்களின் மழை என்று எழுதி வைத்தார்கள். யார் வயல் என்று எழுதவில்லை.

துவைத்த துணி காற்றில் பறந்து மழைக்குள் விழுந்து கறையானால் ஊர்க்காரர்கள் டொகுஜியிடம் வந்து, "உன் மழை பண்ணின வேலையைப் பாரு," என்பார்கள். வெளியூர்க்காரன் வந்தால் அதே வாய், "எங்க ஊரு மழை," என்று சொல்லும். இந்த நியாயத்தை எந்தக் கோயிலில் போய்ச் சொல்வது?

டொகுஜி கூலிக்குப் போனான். நிலம் உள்ளவன், பட்டா உள்ளவன், மறுபடியும் அடுத்தவன் நிலத்தில் குனிந்தான். வேலை முடிந்து வந்து தன் வயலில் இறங்கி, கறுத்த சேற்றில் வடிகால் வெட்டுவான், பாத்தி கட்டுவான், ஒரு பிடி பார்லியைத் தூவிப் பார்ப்பான். அது முளைக்கும், மஞ்சளாகும், அழுகும். மறுபடி தூவுவான். அவன் மனைவி மினே வரப்பில் நின்று சோற்றுப் பொட்டலத்தை நீட்டுவாள்.

"சேம்பாவது போடலாம்ல? தண்ணியில நிக்கும்."

"இது பார்லி நிலம்," என்று கத்துவான் டொகுஜி.

"நீ கத்தற கத்துல எனக்கு மழைச் சத்தமே கேக்கறதில்லை. அது ஒண்ணுதான் இதுல நல்லது," என்பாள் மினே.

பரிசு வாங்கி வந்த இவாசேக்கு நகரத்து ரயில் நிலையத்தில் வரவேற்பு கொடுத்தபோது டொகுஜி போனான். மாலைகளும் மைக்கும் பத்திரிகைக்காரர்களும் மொய்க்க, அவர் மேடையில் நின்று, "அந்த மழை எனக்கு வானம் கொடுத்த வரம்," என்றார். கூட்டத்தின் நடுவிலிருந்து டொகுஜி, "அது என் வயல்ல இன்னும் பெய்யுதுய்யா," என்று கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள், சிலர் கை தட்டினார்கள். இவாசே முகம் மலர்ந்து, "கேட்டீங்களா? படம் பார்த்தவங்க மனசுல இன்னும் பெய்யுதாம்," என்றார். இறங்கிப் போகிற வழியில் டொகுஜி கையிலிருந்த வைக்கோல் தொப்பியை வாங்கி அதில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். அவன் அதைக் கொண்டு வந்து எருக்குழியில் எறிந்தான், மொரிகாவா எடுத்துக் கழுவிச் சத்திரத்தில் மாட்டினார்.

இவாசேயின் பெயர் ஏறிக்கொண்டே போனது. அடுத்தடுத்து எடுத்தார். ஒரு படத்தில் நிஜக் கோட்டையைக் கட்டி நிஜமாகவே கொளுத்தினார், ஒரு படத்துக்கு மலைச்சரிவையே செதுக்கினார், ஒன்றுக்கு நாட்டில் இருந்த குதிரைகளையெல்லாம் திரட்டினார். ஒவ்வொரு படம் வந்தபோதும் எழுதுகிறவர்கள், நன்றாக இருக்கிறது, ஆனால் அந்த மழை மாதிரி இல்லை என்றே எழுதினார்கள். வீட்டுக்கு வீடு டெலிவிஷன் வந்து, கொட்டகைகள் காலியாகி, வாளும் சாமுராய்க் கொண்டையும் யாருக்கு வேண்டும் என்று ஜனங்கள் கேட்ட காலத்தில், ஸ்டூடியோக்கள் அவருக்குக் கதவைச் சாத்தின. கடைசியில் ஒரு வயிற்றுவலி மருந்து விளம்பரத்தில் சாமுராய் வேஷம் போட்டுக்கொண்டு அவரே வந்து, வயிற்றைத் தடவிச் சிரித்தார். ஊர் டீக்கடையில் அதைப் பார்த்துவிட்டு எல்லாரும், ஐயோ பாவம், எவ்வளவு பெரிய மனுஷர் என்று உச்சுக்கொட்டினார்கள். டொகுஜியின் வயலுக்காக அந்தக் கடையில் ஒருவரும் உச்சுக்கொட்டி அவன் கேட்டதில்லை.

முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும், ஒரு மத்தியானம் பழைய வேன் ஒன்றில் இவாசே ஊருக்குள் வந்து இறங்கினார். கூடவே, அவரைப்போலவே கிழவனாகிவிட்ட சுகிடா, இரவல் கேமரா ஒன்று, அதைத் தூக்க ஒரு ஆள், வாள் கட்டிய நடிகன் ஒருத்தன். அவ்வளவுதான் பட்டாளம். செய்தி ஒரு நொடியில் பரவியது. நிறுத்தத்தான் வந்திருக்கிறார் என்று டொகுஜி நினைத்தான். வயலை நோக்கி அவன் ஓடின ஓட்டத்தைப் பார்த்தவர்கள் அவனுக்கு அறுபது வயது தாண்டிவிட்டது என்று சொல்ல மாட்டார்கள். அவன் போய்ச் சேர்ந்தபோது சுகிடா மழைக்கு வெளியே தார்ப்பாய்க் கூரை கட்டிக்கொண்டிருந்தான்.

"படமா எடுக்கறீங்க?" என்றான் டொகுஜி.

சுகிடா தலையைக் குனிந்துகொண்டான். "கடைசியா ஒரு படம். மழைக்குச் செலவு பண்ண யாரும் இல்லை, டொகுஜிசான். இங்கே தயாரா இருக்கு."

டொகுஜி மழைக்குள் நடந்து, வயலின் நட்ட நடுவில், கேமரா எப்படித் திரும்பினாலும் கண்ணில் படுகிற இடத்தில், கையில் மண்வெட்டியோடு நின்றுகொண்டான். மொரிகாவா வந்து கெஞ்சினார், வாத்தியார் வந்து எடுத்துச் சொன்னார், கருங்கூந்தல் கிழவிகள் வந்து திட்டினார்கள். மொரிகாவா தார்ப்பாய்க்குள் போய் இவாசே காதில், "படம் எடுங்க சென்செய், ஆனா தயவுபண்ணி அந்தச் சொல்லை மட்டும் சொல்லிடாதீங்க, இந்த ஊரே இதை வச்சுத்தான் சாப்பிடுது," என்று கிசுகிசுத்தார்.

கடைசியில் இவாசேயே மழையின் ஓரம் வரை வந்தார். வெள்ளைத் தொப்பி, கையில் தடி.

"பெரியவரே, ஒரே ஒரு ஷாட். எடுத்ததும் நிறுத்தச் சொல்லிடறேன்."

"முதல்ல சொல்லு. அப்புறம் எடு."

"சொன்னா மழை போயிடுமே. நான் எதை வச்சு எடுக்கறது?"

"என்னைக் கேட்டா பெய்ய விட்டே?"

இவாசே தொப்பியைச் சரிசெய்துகொண்டார். வயதான முகத்தில் பொய் இல்லை, அதுதான் டொகுஜிக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. "சரி," என்றார். மழையைப் பார்த்து, "நிறுத்து," என்றார்.

ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டது. மழை பெய்தது.

"இன்னொரு தடவை," என்றான் டொகுஜி.

"நிறுத்து." மழை பெய்தது. இவாசே தடியைத் தரையில் ஊன்றிச் சாய்ந்துகொண்டார். "வாய்தான் சொல்லுது, மனசு சொல்லலை. நான் என்ன பண்ண? அந்த ஷாட் எனக்கு இன்னும் முடியலை. அதுக்கு அப்புறம் எத்தனையோ எடுத்தேன், ஒண்ணும் அது மாதிரி வரலை. அது முடிஞ்சுதுன்னா நான் முடிஞ்சேன்."

"உனக்கு முடியலைங்கறதுக்கு என் ஆயுசை எடுத்துக்கிட்டியா?" என்றான் டொகுஜி. அவன் கத்தவில்லை, இத்தனை வருஷமாகக் கத்தினவன் அப்போது கத்தவில்லை, அதனால் வரப்பில் உட்கார்ந்திருந்த மினே எழுந்து நின்றாள். "நாங்க பரம்பரை பரம்பரையா உன் கதையில வர்ற வாள்காரனுக்கு விளைஞ்சதைக் கொட்டி அழுதோம். அவன் போனான்னு நிமிர்ந்தா நீ வந்தே. குடியானவன் மாதிரி இல்லைன்னு என்னை என் வரப்புலேர்ந்து இறக்கினே. இந்த மழை எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியுமா? நீ ஒரு நாளாவது இதுக்குள்ள நின்னிருக்கியா?"

இவாசே சுகிடாவைப் பார்த்தார். சுகிடா வாழ்நாளில் முதல் தடவையாக அவருக்குப் பரிந்து பேசாமல், "இல்லை. சென்செய் நின்னதில்லை," என்றான்.

டொகுஜி வந்து அவர் கையைப் பிடித்தான். இழுக்கவில்லை, பிடித்தான், அவ்வளவுதான். இவாசே வந்தார். வெள்ளைத் தொப்பியில் முதல் துளி விழுந்து கறுப்பாய்ப் பரவியது. வயலின் நடுவுக்கு அவரைக் கொண்டுபோய் நிறுத்தி, கையிலிருந்த தடியை வாங்கிக்கொண்டு மண்வெட்டியைக் கொடுத்தான் டொகுஜி.

"அந்த வடிகால் அடைஞ்சிருக்கு. வெட்டு."

சாமுராய்களுக்கு வாள் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவருக்கு மண்வெட்டி பிடிக்கத் தெரியவில்லை. வெட்டினார், வெட்டின இடத்தில் சேறு மூடிக்கொண்டது. மறுபடி வெட்டினார், மறுபடி மூடிக்கொண்டது. மை கண்ணில் இறங்கி எரிந்தது, சட்டைக்குள் ஓடியது, குளிர் முதுகெலும்புக்குள் போனது, காதுக்குள் அந்த ஓயாத இரைச்சல் தவிர வேறொன்றும் இல்லை. கால் ஆடுசதை வரை புதைந்தது. ஒரு காலை உருவினால் மற்றது இன்னும் ஆழம் போனது. நடிகன் வாளைப் பிடித்தபடி வாயைப் பிளந்து நின்றான். ஊர் பார்த்துக்கொண்டிருந்தது, ஒருவரும் இறங்கவில்லை, முப்பது வருஷம் டொகுஜியைப் பார்த்த மாதிரியே பார்த்துக்கொண்டிருந்தது. வெயில் இன்னும் மலைக்குப் பின்னால் போகவில்லை, அதற்குள் இவாசேயின் முழங்கால் மடிந்தது, மண்வெட்டி கையை விட்டுப் போனது, நாலு காலில் ஊன்றி, சேறு வழிகிற வாயால், யாருக்கும் உத்தரவு போடாமல், அடிபட்ட குழந்தை அழுகிற மாதிரி, "நிறுத்து... நிறுத்தேன்..." என்றார்.

மழை நின்றது.

இரைச்சல் அறுந்ததும் காது வலித்தது எல்லாருக்கும். கடைசித் துளிகள் மூங்கில் கழிகளிலிருந்து சொட்டின. மேலே வானம் மற்றவர்களுக்கு இருக்கிற அதே வானமாக இருந்தது.

சேற்றில் கிடந்தபடியே இவாசே தலையைத் தூக்கிச் சுகிடாவைத் தேடினார். மேலெல்லாம் கறுத்து, கண் மட்டும் வெளுத்துத் தெரிந்தது, அந்தக் கண்ணில் பழைய வெறி வந்திருந்தது. "எடுத்தியா?" என்றார். "இந்த ஷாட்... நான் விழுந்தது, மழை நின்னது... எடுத்தியா?"

சுகிடா கேமராவுக்குப் பக்கத்தில் விறைப்பாக நின்றான். "இல்லை சென்செய். நீங்க ஆரம்பிக்கச் சொல்லலையே."

இவாசே அழுதாரா, சிரித்தாரா என்று ஊரில் இன்றைக்கும் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். அவரைத் தூக்கிக்கொண்டு போய் வேனில் உட்கார வைத்துச் சுகிடா போர்வை போர்த்தினான். வாத்தியார் வெறும் கிண்ணத்தோடு நின்றார். டொகுஜி யாரையும் பார்க்கவில்லை. குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்தான், பிழிந்தான், உருட்டினான், மோந்து பார்த்தான்.

"எல்லாரும் வரப்புல ஏறுங்க," என்றான். "மிதிக்காதீங்க."

ஏறினார்கள். மொரிகாவா மட்டும் பலகைக்குப் பக்கத்தில் நின்று அழாத குறையாகக் கேட்டார். "நாளைக்கு ஒரு பஸ் நிறைய வர்றாங்கடா. அவங்க கிட்ட நான் என்னத்தைச் சொல்றது?"

"பார்லி போட்டிருக்குன்னு சொல்லு," என்றான் டொகுஜி.